ரேகை விழாத கை

நடுவூரணி ரேஷன் கடையில் விரல் வைக்கிற மிஷின் பேச ஆரம்பித்த அன்று யாரும் ஓடவில்லை, யாரும் மயங்கி விழவில்லை, வரிசைகூடக் கலையவில்லை. பொங்கல் கழிந்து வந்த ஐந்தாம் தேதி அது. அரிசி வந்திருக்கிறது, துவரம்பருப்பு வரவில்லை, அன்றைக்கு ஊரின் பெரிய பேச்சு அதுதான். மேலத்தெரு சண்முகக்கனி கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்தார், பச்சை விளக்கு எரிந்தது, அப்புறம் அந்தக் கறுப்புப் பெட்டி, அவர் வாய் மூடியிருக்கும்போதே, அவருடைய அதே கரகரத்த குரலில், "போன மாசம் ஒம்பதாந்தேதி பரமசிவம் வீட்டுக் கோழிய அமுக்கினேன், பதினோராந்தேதி பொண்டாட்டி கம்மலக் கொண்டுபோய் அடகு வச்சேன், பதினஞ்சாந்தேதி பொங்கப்பானைக்கு மஞ்சக்கொத்து கட்டினேன்" என்று சொல்லிவிட்டு ரசீதைத் துப்பியது. சண்முகக்கனி தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பின்னால் நின்ற பரமசிவம், "அப்ப அது நீதானா" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் விரலை வைக்கப் போனார், ஏனென்றால் அவருக்கும் அரிசி வேண்டியிருந்தது.

கடையில் அரிசி நிறுத்துப் போடுகிற பால்பாண்டி தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டான். "அப்டேட் ஆகியிருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மிஷினைச் செய்த கம்பெனி எந்த ஊரில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது; பெட்டியின் முதுகில் ஒரு பச்சை இலைப் படம் ஒட்டியிருந்தது, கம்பெனி என்று ஊர் அறிந்தது அவ்வளவுதான். ஊரே அந்த ஒரு நாளிலேயே மிஷினின் சுபாவத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. அதற்குக் கை மட்டும்தான் தெரியும். கடைசியாக விரல் வைத்த நாளிலிருந்து இன்று வைக்கிற நாள்வரை அந்தக் கை எதைத் தொட்டது, எதை எடுத்தது, எதைக் கொடுத்தது, அத்தனையும் சொல்லும். வாய் பேசியது தெரியாது, கண் பார்த்தது தெரியாது. பிறகு கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள், விரல் கூறும் விவரங்களைத் தடுப்பவர், மறுப்பவர், விரல் வைக்காதவர் குடும்ப அட்டை ரத்து செய்யப்படும் என்று. நோட்டீசுக்குக் கீழே நாற்காலி போட்டு ஒருவர் வந்து உட்கார்ந்தார். போலீசும் இல்லை, ரெவின்யூவும் இல்லை. கழுத்தில் ஒரு அட்டை தொங்கும், அது எப்போதும் முதுகைக் காட்டித் திரும்பியே கிடக்கும். மடியில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, கேட்டதை எழுதிக்கொண்டே இருப்பார்.

முதலில் ஊர் சிரிக்கத்தான் செய்தது. ஐந்தாம் தேதி என்றால் அரிசி வாங்க வேண்டாதவர்களும் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள், கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளையின் கை என்னவெல்லாம் செய்கிறது என்று கேட்டுப்போக வெளியூரிலிருந்து வந்தார்கள், சுண்டல் விற்கிறவர் வந்தார். பெண்டாட்டியை அடிக்கிற கைகள் இரண்டு மாதம் ஓய்ந்திருந்தன. அப்புறம் அந்த ஆம்பளைகள் காலால் உதைக்கப் பழகிக்கொண்டார்கள். சித்திரை பிறப்பதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. கை கொடுத்துப் பேசுகிறவர் குறைந்தார்கள், தோளில் கை போடுகிறவர் குறைந்தார்கள், சிலபேர் மிஷின் சொல்வதற்கு முன்னாலேயே முந்திக்கொண்டு தாங்களே வாயால் சொல்ல ஆரம்பித்தார்கள், மறைக்காத மனுசன் என்று பேர் எடுக்கலாமே என்று. அப்படிச் சொன்னவர்களைப் பார்த்து நாற்காலிக்காரர் லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டாகிவிட்டார்கள். வெட்கக்கேடு, வேறென்ன.

இந்த ஊரில் ஒரே ஒரு கை மட்டும் பேசவில்லை. அது சீனியம்மாளின் கை.

சீனியம்மாளுக்கு ஐம்பத்தொரு வயது, புருசன் இல்லை, பிள்ளை இல்லை. பதினேழு வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். அந்தப் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். பலகைச் சட்டத்தின் பள்ளங்களில் ஒவ்வொரு குச்சியாக விரல் நுனியால் தள்ளித் தள்ளி, முப்பத்துச் சொச்சம் வருசத்தில் அவள் பத்து விரலும் கூழாங்கல்லாக வழவழத்துப் போயிருந்தன. மிஷின் பேசாத காலத்திலேயே அது அவளை ஆளாக மதித்ததில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தாள், தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தாள், மண்ணெண்ணெயில் துடைத்துப் பார்த்தாள், சிவப்பு விளக்குத்தான் எரியும். "ரேகை விழல யக்கா, அடுத்த மாசம் பாப்போம்" என்பான் பால்பாண்டி. வெறும் பையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு அவள் திரும்பி நடக்கும்போது, என்னமோ செய்யக்கூடாததைச் செய்தவள்போல் முதுகு கூசும். பக்கத்து வீட்டுத் தங்கமாரிதான் தன் பங்கில் பாதியைச் சொளகில் கொண்டுவந்து தட்டிவிட்டுப் போவாள். அதற்கும், "வாய வச்சுக்கிட்டு சும்மா திங்கணும் மதினி, பேசப்படாது" என்று அதட்டல் வேறு.

மிஷின் பேச ஆரம்பித்த பிறகு நிலைமை மாறியது. ஊரெல்லாம் நடுங்கிக்கொண்டு விரலை நீட்ட, சீனியம்மாள் வைத்த விரலுக்கு மட்டும் பழையபடி சிவப்பு விளக்கு எரிந்தது, ஒரு சத்தமில்லை. வரிசை முழுவதும் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது, நாலு ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிறவளைப் பார்ப்பதுபோல.

மறுநாள் காலையிலிருந்து அவள் வீட்டுக்கு ஆள் வந்தது. ஒருத்தி, குடிக்கிற புருசனுக்குத் தெரியாமல் தன் சங்கிலியை எடுத்து ஒளித்துவைக்கச் சொன்னாள். ஒருவர், ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட மகளுக்கு லெட்டர் எழுதித் தபால்பெட்டியில் போடச் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு வாயால் சொல்லச் சொல்ல இவள் எழுதினாள், அவர் கண்ணீரையும் இவள்தான் துடைத்துவிட வேண்டியிருந்தது. கீழத்தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த செல்வக்கனி என்ற சின்னப்பெண் தினமும் விடிந்ததும் தண்ணிக் குடத்தோடு வருவாள். இப்போது பிள்ளை வேண்டாம் என்று அவளாகத் தீர்மானித்து வாங்கிவரச் சொன்ன மாத்திரை அட்டை சீனியம்மாளின் அடுக்குப்பானையில் இருந்தது. செல்வக்கனி வாயை ஆ என்று திறப்பாள், சீனியம்மாள் மாத்திரையைப் பிரித்து அவள் நாக்கில் வைப்பாள், முகத்தை ஒரு தடவை தடவிவிட்டு அனுப்புவாள். பெறாத பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரித்தான் இருந்தது அவளுக்கு. இப்படியாக முப்பது வருசமாக ஒன்றுக்கும் ஆகாத கை என்று இருந்தது ஊருக்கே கையாகிப்போனது, அவள் வீட்டில் அரிசிக்குக் குறைவில்லை, வாசலில் மனிதர் வருகிற அரவத்துக்கும் குறைவில்லை. அந்த நாட்களில் அவள் சந்தோசமாக இருந்தாள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பொய்.

மாசிக் கடைசியில் பட்டாசு ஆபீஸ் வெடித்தது. பகல் பதினோரு மணி. செத்தது ஐந்து பேர் என்று டிவியில் சொன்னார்கள். ஊருக்குத் தெரியும் ஒன்பது பேர். நாலு பேர் பெயர் வருகைப் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாதவன் ஆபீசுக்குள் இல்லை, ஆபீசுக்குள் இல்லாதவன் சாகவில்லை, அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார்கள். அந்த நாலு பேரில் ஒருவன் தங்கமாரியின் புருசன் வேல்ச்சாமி. கருகிக் கிடந்ததையெல்லாம் அன்று சாயங்காலத்துக்குள் லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவனுடைய சைக்கிள் மட்டும் ஆபீஸ் கேட்டில் பத்து நாள் சாத்தியபடி நின்றது; பிறகு அதுவும் காணாமல் போயிற்று. பட்டாசு முதலாளிக்கும் மிஷின் கம்பெனிக்கும் ஒரே ஆடிட்டர் என்றார்கள், இல்லை மச்சினன் முறை என்றார்கள்; நிச்சயமாக யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள எந்தக் கதவைத் தட்டுவது என்றும் தெரியாது. ஆட்டோ ஓட்டுகிற சுடலைமணி மட்டும் ஒன்பது பேர் என்று போனில் தட்டி நாலு பேருக்கு அனுப்பினான். ஐந்தாம் தேதி அவன் கட்டைவிரல், தட்டிய எழுத்துக்களை ஒவ்வொன்றாக அவன் குரலிலேயே சொல்லிற்று. நாற்காலிக்காரர் எழுதிக்கொண்டார். கடை வாசலிலேயே ஜீப் வந்தது. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்த சுடலைமணி வலது கையைச் சட்டைப்பையை விட்டு வெளியே எடுப்பதே இல்லை, ஸ்பூனால் சாப்பிடுகிறான் என்று அவன் வீட்டில் சொன்னார்கள்.

சித்திரையில் ஒருநாள் தங்கமாரி வந்து சீனியம்மாள் முன்னால் உட்கார்ந்தாள்.

"மதினி, அவுக செத்துட்டாகன்னு ஒரு காயிதம் வேணும் எனக்கு. தாலிய அறுக்கவும் முடியல, வச்சிருக்கவும் முடியல. ஓடிப்போயிட்டான்னு எழுதிக்குடுங்கறான் வி.ஏ.ஓ."

"அழாத. என்ன செய்யணும், சொல்லு."

மதுரையில் ஒரு வக்கீல் இருக்கிறார் என்று யாரோ வாய்வழியாகச் சொல்லியிருந்தார்கள். நம்பரைத் தங்கமாரி சொல்ல, சீனியம்மாள் அமுக்கினாள். வக்கீல் நல்ல மனுசன். ஒன்பது பேர் பெயர், யார் எந்த ரூமில் வேலை பார்த்தார்கள், எத்தனை வருசமாக, யார் கூப்பிட்டுப் போனது, பார்த்த சாட்சி யார், எல்லாம் ஒரே தாளில் எழுதி வையுங்கள், கோடை லீவு முடிந்து கோர்ட் திறக்கிறது, ஜூன் எட்டாம் தேதி நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், அதுவரை அந்தத் தாள் பத்திரம் என்றார். ஒன்பது வீட்டு ஆட்களும் ஒவ்வொருத்தராக வந்தார்கள். கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து வாயால் சொன்னார்கள். அஞ்சாங்கிளாஸ் படித்த சீனியம்மாள் கோழிக் கிறுக்கலில் எழுதினாள். எழுதி முடித்ததும் பசை காய்ச்சி, தீப்பெட்டி லேபிள் அச்சடித்த இரண்டு பெரிய தாள்களுக்கு நடுவில் அதை வைத்து, ஓரம் தெரியாமல் ஒட்டி, அந்தத் தாளைத் தன் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஒட்டிவிட்டாள். தொழில்காரி ஒட்டியது, கடவுளே வந்து தடவினாலும் நடுவில் ஒன்று இருப்பது தெரியாது. தங்கமாரி மூடியைப் பார்த்துவிட்டு முதல்தடவையாக மூச்சை ஆற அமர விட்டாள். வேல்ச்சாமி செத்தான் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே காகிதம் அதுதான்.

வெடிவிபத்துக்குப் பிறகு சோதனை என்று சொல்லி அந்த வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களையும் பூட்டிவிட்டார்கள். பூட்டி மூன்று மாதம் ஆகப்போகிறது. ஒருநாள் சேலை மடிக்கையில் நூல் பிசிறு விரலில் சிக்கியது. சீனியம்மாளுக்கு அது என்னவென்று புரியவில்லை. அரிசி களைகிறபோது ஒவ்வொரு மணியும் தனித்தனியாக விரலுக்குத் தெரிந்தது. தண்ணீரின் சில்லிப்பு தெரிந்தது. செத்துப்போன புருசனின் சட்டை ஒன்று பெட்டியில் கிடந்தது, அதை எடுத்துத் தடவினாள், துணியின் இழை இழையாக விரல்வழி ஏறி வந்தது. அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முப்பது வருசத்துக்கு அப்புறம் அது தொட்டமாதிரி இருந்தது. அந்தச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள், ஆனந்தமாகத்தான் அழுதாள். பிறகு விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, மணலில் காற்று போட்ட கோடுபோல் மெல்லிய வளையங்கள் தெரிந்தன. வேலை நின்றதும் ரேகை திரும்பி வந்துவிட்டது.

விரலைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மற்றவர்களுக்கு ஒரு மாதத்துச் சங்கதி. இவளோ ஒருநாளும் ரேகை விழாதவள். இவள் விரல் வாய் திறந்தால் ஆதியிலிருந்து அத்தனையும் வரும், சங்கிலி வரும், லெட்டர் வரும், செல்வக்கனியின் மாத்திரை வரும், கடைசியில் அந்தத் தாளும் அது ஒட்டியிருக்கிற மூடியும் வரும்.

போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். பால்பாண்டி வழியில் நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"யக்கா, இதுவரைக்கும் ரேகை விழாதவுகளுக்குன்னு தனியா லிஸ்ட் வந்திருக்கு. ஜூன் அஞ்சு கடைசி. வராதவுக வீட்டைச் சோதனை போடுவாகளாம். ரேகை விழலைன்னா மட்டும், அழிஞ்சுபோச்சுன்னு எழுதி, கண்ணுக்கு வேற மிஷின் வர்ற வரைக்கும் விட்ருவாகளாம், அரிசியும் போடச் சொல்லியிருக்கு. நான் சொன்னேன்னு சொல்லிராதீக."

அம்மியில் தேய்த்தாள். செங்கல்பொடியில் தேய்த்தாள். சிமெண்டுத் தரையில் மாவாட்டுகிற மாதிரி விரல்களைப் போட்டு ஆட்டினாள். தோல் உரிந்தது, நாலு நாளில் புதுத்தோலில் அதே வளையம் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. அது அவளுடையதுதானே, எங்கே போகும். வக்கீல் வருவதற்கு மூன்று நாள் இருந்தது.

ஜூன் ஐந்தாம் தேதி காலையில் செல்வக்கனிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு, அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள். கல் காய்கிறவரை புருசன் சட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாலும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு சட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள், முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டாள், பத்து விரல் நுனியையும் கல்லில் வைத்தாள். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எண்ண வேண்டும் என்று நினைத்திருந்தாள், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயராக. எண்ணினாள்.

கடைக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாலும் வரிசைக்குத் தெரிந்துவிட்டது, வாடையே சொல்லிவிட்டது. யாரும் கேட்கவில்லை, வழிவிட்டார்கள். தங்கமாரி அவள் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், "மதினி" என்றாள். சீனியம்மாள் விரலைக் கண்ணாடியில் வைத்தாள். சிவப்பு விளக்கு. அடுத்த விரல். சிவப்பு. நாற்காலிக்காரர் எழுந்து வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து, பத்து விரலையும் தானே ஒவ்வொன்றாக அமுக்கினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பத்துக்கும் சிவப்பு. அவர் நோட்டில் 'அழிந்துவிட்டது' என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜெயித்துவிட்டோம் என்று சீனியம்மாளுக்குத் தோன்றியது. பால்பாண்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் பைக்கு அரிசி நிறுக்கப் போனான். அடுத்த ஆளை நாற்காலிக்காரர் கூப்பிடவில்லை. மிஷின் சும்மா இருந்தது. ஊர் அத்தனை பேரும் நின்றார்கள், ஒரு குரலும் இல்லை. நாலு மாதமாக ஐந்தாம் தேதி என்றால் ஒரு குரல் வந்துகொண்டே இருக்கும், யாராவது ஒருத்தர் வெளிப்பட்டுக்கொண்டே இருப்பார்கள், அதற்கு எல்லோருடைய காதும் பழகிப்போயிருந்தது. அந்தச் சத்தமின்மையை அவர்களால் தாங்க முடியவில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள், சொறிந்துகொண்டார்கள்.

அப்புறம் செல்வக்கனியின் வாய் தானாகத் திறந்தது, காலையில் மாத்திரைக்குத் திறக்கிற மாதிரியே. "மாசி மொதத் தேதியிலருந்து சீனியம்மா பெரியம்மா வீட்ல தெனமும் மாத்திரை போடுதேன்" என்றாள், மூச்சு விடாமல், ஏற்ற இறக்கமில்லாமல், மிஷின் சொல்கிற அதே ராகத்தில். அவள் மாமியார் பக்கத்தில்தான் நின்றாள். அடுத்து லெட்டர் எழுதச் சொன்னவர் சொன்னார். சங்கிலிக்காரி சொன்னாள். விரல் வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நோட்டீசில் வாயைப்பற்றி ஒரு வரியும் இல்லை. கை போய்விட்டது, வாயாவது நம்மிடம் இருக்கிறது என்று இத்தனை நாள் இருந்தவர்கள், அந்த வாயைத் தாங்களாகவே கொண்டுவந்து கொட்டினார்கள். நாற்காலிக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஒவ்வொருத்தரா, வரிசையில" என்றார்.

கடைசியாகத் தங்கமாரி சொன்னாள். "சித்திரை பன்னெண்டாந்தேதி ஒம்பது பேரு பேரையும் மதினிகிட்டச் சொன்னேன், மதினி எழுதினாக, டிரங்குப் பெட்டி மூடியில ஒட்டியிருக்கு." சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அவள் குரல் கேட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் சொல்லல மதினி. சொல்லணும்னு நெனைக்கவே இல்ல மதினி."

"தெரியும் தாயி" என்றாள் சீனியம்மாள். அவளைத் தூக்கிவிடக் குனிந்தாள், பிடிக்க விரல் இல்லை. பால்பாண்டி அரிசிப் பையை நீட்டினான். விரல் மிஷின் வந்த பிறகு முதல்தடவையாக அவள் அட்டைக்குக் கிடைத்த அரிசி. அதை வாங்கவும் கை இல்லை.

ஜீப் போய் டிரங்குப் பெட்டியின் மூடியைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. எட்டாம் தேதி வக்கீல் வந்தார், டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. செத்தது ஐந்து பேர் என்று கோர்ட்டில் முடிந்தது. தங்கமாரி, புருசன் ஓடிப்போனான் என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாலியோடு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

ஆடி மாதம் மிஷினைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். இங்கே இனி அது வேண்டியதில்லை என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்களாம். நாற்காலியும் நோட்டும் மட்டும் இருக்கின்றன. ஐந்தாம் தேதி வந்தால் ஊர் வரிசையில் நிற்கிறது, மிஷின் இருந்த வெறும் மேசைக்கு முன்னால் வந்து ஒவ்வொருத்தரும் சொல்லிவிட்டு அரிசி வாங்கிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீட்டில் சொல்லிப் பழகுகிறார்கள்.

சீனியம்மாளும் நிற்கிறாள். விரல்களில் புதுத்தோல் வந்திருக்கிறது, அதில் எதுவும் உறைக்கவில்லை. அவள் முறை வந்ததும் மேசைக்கு முன்னால் நின்று ஒன்பது பெயரையும் சொல்கிறாள், வேல்ச்சாமி பெயரைக் கடைசியாக. பொறுமையாக, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூச்சு விட்டு. நாற்காலிக்காரர் அந்த நேரத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வார். பின்னால் நிற்கிறவர் பையை உதறிக்கொண்டு, "யம்மா, முடிஞ்சிட்டா?" என்பார்.

முடிந்ததும் அவள் பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு நகர்கிறாள். அடுத்த ஆள் வந்து வாயைத் திறக்கிறார்.